சர்க்கரை உடையாது

மனிதர்களின் கால் எனக்குப் பிடிக்காது. ரயிலில் எதிர் இருக்கையில் காலைத் தூக்கி வைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு விரல்களை விரித்து மடக்குகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும்போதுகூட நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். பக்தி என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட நான், சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலை, தி. நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஏசி அறையில், நீல நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் என் அண்ணனின் இரண்டு பாதங்களும் இருந்தன. உட்கார்ந்தபோது தெளிந்த வெந்நீராக இருந்தது கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டாமல் வைத்ததுபோல் பழுப்பாகிவிட்டது. ஓரத்தில் அழுக்கு நுரை ஒதுங்கியது. கறுப்பாகவும் ஆரஞ்சாகவும் துணுக்குகள் மிதந்தன. ஒரு துணுக்கு அண்ணனின் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. துருப்பிடித்த கேட்டைப் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் வருமே, அந்த நாற்றம்.

"பாருங்க மேடம்" என்றாள், அந்த இடத்தை நடத்தும் பெண்மணி. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். "இத்தனை வருஷமா சாரோட உடம்புல தேங்கியிருந்த டாக்ஸின். உள்ளங்கால் வழியா இறங்குது. வேற எங்கயும் இந்த ட்ரீட்மெண்ட் இவ்ளோ க்ளியரா தெரியாது."

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தண்ணீர் கறுத்தால் கல்லீரல் கழிவு, ஆரஞ்சு என்றால் மூட்டு, பச்சை என்றால் பித்தப்பை என்று வண்ணம் வண்ணமாகக் கட்டம் போட்டிருந்தார்கள். அண்ணன் நுரையைச் சுட்டிக்காட்டினார். முகத்தில் பரீட்சையில் பாஸான பெருமை.

"வெள்ளையா வருது பாரு பாப்பா, அதுதான் சுகர்."

கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டேன்.

நான் சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவள். தலை நரைத்தபிறகும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். அவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணியோடு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். மகள் வெளிநாட்டில். அவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரையை அண்ணி எடுத்துக் கொடுத்தால் விழுங்குவார். கொடுக்காவிட்டால் ஞாபகம் வந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். முதலில் பாதம் எரிகிறது என்றார். பிறகு எரிச்சல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டார். நின்றது எரிச்சல் மட்டுமில்லை. ஒருநாள் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் வெறும் பாதத்தோடும் நடைப்பயிற்சியிலிருந்து வீடு திரும்பினார். எங்கே கழன்று விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

நடைப்பயிற்சி நண்பர் ஒருவர்தான் வாட்ஸப்பில் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார். தொட்டியில் காலை வைத்தால் போதும், மின்சாரம் உடம்பிலிருக்கும் கழிவை அயனிகளாக மாற்றி வெளியே இழுத்துவிடும் என்று அதில் ஒருவர் சொன்னார். அயனி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனுக்கு என் நினைவு வந்திருக்கிறது. "நீ கெமிஸ்ட்ரிதானே, வந்து பாரு, உனக்கே ஆச்சரியமா இருக்கும்" என்றுதான் என்னைக் கூட்டிப் போனார். அதற்குள் அவர் மட்டும் சில தடவை போய்வந்திருந்தார்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் காலை வைப்பதற்கு முன்பு அந்தப் பெண்மணி ஒரு ஜாடியிலிருந்து கரண்டி கரண்டியாக எதையோ அள்ளி வெந்நீரில் போட்டுக் கலக்கினாள். உப்பா என்று கேட்டேன்.

"ஆமா மேடம், இமயமலை உப்பு."

"எதுக்கு?"

"உப்பு போட்டாத்தான் மெஷின் எடுக்கும்."

அது உண்மை. உப்பு என்பது சோடியமும் குளோரினும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து அடுக்கடுக்காக நிற்கும் படிகம். தண்ணீரில் போட்டதும் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் சூழ்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிடும். சோடியம் நேர் மின்சுமையோடும் குளோரைடு எதிர் மின்சுமையோடும் தனித்தனியே அலையும். அவைதான் அயனிகள். அவை இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் வழியாக மின்சாரம் ஓடும். இதை ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகையில் எழுதி என் விரலெல்லாம் சாக்பீஸ் ஆகியிருக்கிறது. அந்த மின்சாரம் தொட்டிக்குள் இரும்புத் தகடுகளுக்கு இடையே ஓடும்போது இரும்பு தன் பங்குக்கு அயனியாகக் கரைந்து, தண்ணீரோடு சேர்ந்து, துருவாகப் படியும். பழுப்பு அதுதான். ப்ளீச்சிங் நாற்றம் உப்பிலிருந்து வரும் குளோரின். அண்ணனின் கல்லீரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தொட்டியின் நடுவில் ஒரு வளையம் முங்கியிருந்தது. அதன் தகடுகள் அரித்து, ஓரங்கள் எலி கொறித்ததுபோல் இருந்தன. "இது தேஞ்சு போகுமா?" என்றேன்.

"ஆமா மேடம். அடிக்கடி மாத்துவோம். அவ்ளோ டாக்ஸின் வருது இல்லையா, தாங்காது."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அவள் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணன் எழுந்தார். அவள் பழுப்புத் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டி, தொட்டியைக் குழாயடியில் ஒரு சுற்று சுற்றிக் கவிழ்த்தாள். சோப்பில்லை, தேய்ப்பில்லை. அதே தொட்டியில் வெந்நீர் நிரப்பி அடுத்த நாற்காலியில் காத்திருந்த அம்மாளுக்கு முன்னால் வைத்தாள். அந்த அம்மாளின் குதிகால் பிளந்து வெடித்திருந்தது. நான் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். மெட்ரோவுக்காகத் தோண்டிய இடங்களைச் சுற்றிச் சுற்றிப் போனதால் நேரம் நிறைய இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், "உங்க புத்தகத்துல இல்லைன்னா உலகத்துலயே இல்லைன்னு அர்த்தமா?" என்றார். "நேத்து நல்லா தூங்கினேன். காலையில லேசா இருந்தது. இது யாரு குடுத்தது?"

"ராத்திரி மாத்திரை போட்டீங்களா?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன்."

"அதைத்தான் ஒரு வாரமா நிறுத்திட்டேனே. வெளியே இழுத்துட்டிருக்கும்போது உள்ள எதுக்கு மாத்திரை? அந்தம்மாவே சொன்னாங்க, ரெண்டும் சேந்தா சுகர் ரொம்ப இறங்கிடுமாம்."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதற்குள் ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தார்.

"சார், அது எங்க சார் கீது? என் வூட்டுக்காரிக்கும் சுகர் கீது சார். ஊசி போட்டுக்கினே கீறா. கால வெச்சா போய்டுதுன்னா இட்டுக்கினு போலாமே."

அண்ணன் முன்னால் சாய்ந்து, எந்தச் சந்து, எந்தக் கடைக்கு மேல் என்று நிதானமாக வழி சொன்னார். "அங்க போகாதீங்க, அது ஏமாத்து வேலை" என்றேன். ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மேடம், சாரே நல்லாகீதுன்றாரு" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார்.

மறுநாள் பூசை முடிந்ததும் நான் பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த சிறிய பலகையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரு சதுர பேட்டரி, ஒரு குட்டி எல்இடி விளக்கு, ஒயரில் கட்டிய இரண்டு ஆணிகள். தண்ணீரில் ஆணிகளை விட்டால், அந்தத் தண்ணீரில் அயனிகள் இருந்தால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் எரியாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள். மின்சாரம் சர்க்கரையை வெளியே இழுக்கும் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்த ஒரே ஒரு விஷயத்தை உடைத்தால் போதும் என்று நினைத்தேன். சர்க்கரையும் தண்ணீரில் கரையும். ஆனால் உப்பைப்போல் உடையாது. முழு முழு மூலக்கூறாகவே கரைந்து கிடக்கும். அதற்கு மின்சுமை கிடையாது. மின்சுமை இல்லாததை எந்த மின்சாரமும் பிடித்து இழுக்க முடியாது.

அண்ணியிடம் இரண்டு கண்ணாடி டம்ளரில் கேன் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். அண்ணன் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உப்புத் தண்ணீரில் ஆணிகளை விட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இப்ப சர்க்கரை. பாருங்க, எரியாது."

ஆணிகளைத் துடைத்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டேன். எரிந்தது. கொஞ்சம் மங்கல், ஆனாலும் எரிந்தது.

அண்ணன் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வாயால் சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை.

"அண்ணி, இது கேன் தண்ணியா?"

"இல்ல பாப்பா. கீழ கொட்டப் போறதுதானேன்னு குழாயில பிடிச்சேன்."

குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். எங்கள் பக்கத்தில் அது நாக்கில் வைத்தாலே கரிக்கும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நிலத்தடியில் அதைவிடக் கிட்டே வந்துவிட்டது. உப்பு, சுண்ணாம்பு, மெக்னீசியம் என்று அந்தத் தண்ணீரில் இல்லாத அயனி இல்லை. அண்ணியின் குளியலறை வாளியில் வெள்ளையாகப் பொருக்கு தட்டிக் கிடப்பதும், அவர் முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டுவதும் அதனால்தான். இதையெல்லாம் நான் விளக்கினேன். அண்ணன் தலையாட்டினார். "சரி சரி" என்றார். எரிந்த விளக்கை அவர் பார்த்துவிட்டார். இனி என்ன சொன்னாலும் அது சாக்காகத்தான் அவர் காதில் விழும்.

விடவில்லை. மந்தைவெளி வரை நடந்துபோய் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று வாங்கிவந்தேன். வியர்த்துக் கொட்டியது. டம்ளரைக் கழுவி, துடைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிச் சர்க்கரை போட்டேன். விளக்கு எரியவில்லை. இன்னும் சர்க்கரை அள்ளிப் போட்டேன். எரியவில்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். எரிந்தது. "பாத்தீங்களா?" என்றேன். ஆணிகளை அப்படியே விட்டுவைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் டம்ளரில் பாசிப் பச்சையாக ஒரு கசடு இறங்கி, மேலே பழுப்பு நுரை கட்டியிருந்தது. தி. நகர் தொட்டியில் பார்த்த அதே அசிங்கம்.

"இதுல யார் காலு இருக்கு?" என்றேன்.

அண்ணன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சுளித்துக் கீழே வைத்தார்.

"ஆணி பழசு போல" என்றார். "அவங்க மெஷின் வேற, பாப்பா. அது இறக்குமதி."

அந்த டம்ளரைக் குப்பைத் தொட்டியில் போடும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சில நாட்கள் அவரிடம் பேசவில்லை. போனை எடுக்கவும் பிடிக்கவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். தட்டில் முடி கிடந்தால் சாப்பாட்டைத் தள்ளிவைப்போமே, அந்த மாதிரி.

அண்ணிதான் கூப்பிட்டார். பள்ளியில் கடைசி வகுப்பு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வீட்ல ஏதோ நாத்தம் வருது பாப்பா. எலி செத்துருக்கோன்னு ரெண்டு நாளா அலமாரி பின்னாடி எல்லாம் பாத்துட்டேன். இப்பதான் தெரியுது, இவர் கிட்ட போனா வருது. சாக்ஸைக் கழட்ட மாட்டேங்கறாரு."

போனேன். கதவைத் திறந்ததும் எனக்கும் தெரிந்தது. மீன் கடை மூடியபின் அந்த இடத்தில் தங்கும் நாற்றத்தில் கொஞ்சம் இனிப்பைக் கலந்ததுபோல். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

"சாக்ஸைக் கழட்டுங்க."

"ஒண்ணுமில்ல. கொப்புளம். போன வாரம் தண்ணி கொஞ்சம் சூடா இருந்திருக்கு போல. எனக்குத் தெரியல. அந்தம்மா சொன்னாங்க, கழிவு வர்றதுக்கு வழி கிடைச்சிருக்கு, மூடாதீங்கன்னு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவ போய்ட்டு வந்தேன்."

"அந்த உப்புத் தண்ணியிலயா? கொப்புளத்தோடயா?"

"வலிக்கவே இல்லையே" என்றார்.

அண்ணி கிட்டே வந்தார், வாயைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார். வேறு யாரும் இல்லை. தரையில் உட்கார்ந்து அவர் வலது காலை என் மடியில் எடுத்து வைத்தேன். சாக்ஸ் சுண்டு விரல் பக்கம் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளித்து, ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். துணியோடு தோலும் வந்தது. சுண்டு விரல் கறுத்திருந்தது. அதற்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி எழுத மாட்டேன். நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, என் சேலையில் பட்டதைப் பார்க்காமல், சுவரில் இருந்த திருஇருதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குனிந்து தன் விரலைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இது என் விரலா?" என்றார்.

மருத்துவமனையில் அன்று மாலையே சேர்த்தோம். சர்க்கரை அளவைப் பார்த்து இளம் டாக்டர் குளுக்கோமீட்டரைச் சந்தேகப்பட்டு மறுபடி குத்திப் பார்த்தார். தி. நகர் கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுகர் பேஷண்ட் காலை வெந்நீர்லயே வைக்கக் கூடாதும்மா. உணர்ச்சி இல்லாத காலு. வெந்தாலும் தெரியாது."

"தெரியும் டாக்டர்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"கெமிஸ்ட்ரி டீச்சர்."

அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார். மேற்கொண்டு ஏதாவது கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மற்றவை தப்பின. ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது, பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்று தினம் ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் சலைன் பாட்டிலைத் திறந்து புண்ணின்மேல் ஊற்றிக் கழுவும்போது அண்ணன் என்னைக் கேட்டார்.

"இதுவும் உப்புத் தண்ணிதானே பாப்பா? அங்க போட்டா தப்பு, இங்க போட்டா வைத்தியமா?"

எனக்கு அவரை அப்படியே கட்டிலோடு விட்டுவிட்டுப் போய்விடலாம்போல் இருந்தது. ஆனால் அவர் குத்தலாகக் கேட்கவில்லை. கண்ணில் பயம் இருந்தது. சோடியம் என்றால் என்ன, அது எப்படி ரத்தத்தில் குறையும் என்று அவரே கேட்டார். சொன்னேன். நாம் சாப்பிடும் உப்பு வயிற்றிலும் ரத்தத்திலும் உடைந்துதான் இருக்கிறது, நரம்பும் இதயமும் அந்த அயனிகளை வைத்துத்தான் வேலை செய்கின்றன, இந்த பாட்டிலில் இருப்பது சுத்தமான தண்ணீரில் நம் உடம்புக்கு ஏற்ற அளவு உப்பு, கிருமி கிடையாது, இரும்பு கிடையாது, அடுத்தவர் காலில் இருந்த சீழ் கிடையாது. "சர்க்கரை?" என்றார். "அது உடையாதுண்ணா. அது அப்படியே முழுசாத்தான் சுத்தும். மாத்திரையும் ஊசியும் போட்டாத்தான் ரத்தத்தை விட்டு இறங்கும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "குழாய்த் தண்ணியாலதான் லைட்டு எரிஞ்சதா அன்னிக்கு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று நான் தி. நகர் போனேன். எதற்குப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. அந்த ப்ளீச்சிங் நாற்றம் படிக்கட்டிலேயே வந்தது. அந்தப் பெண்மணி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "சார் ஏன் மேடம் வரதில்ல? பேக்கேஜ் இன்னும் பாக்கி இருக்கே" என்றாள்.

"அவருக்கு ரெண்டு விரலை எடுத்துட்டாங்க."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. "அச்சச்சோ" என்றாள். "சுகர் முத்திப் போச்சுன்னா அப்படித்தான் மேடம். முன்னாடியே இங்க வந்திருக்கணும்."

நாற்காலியில் ஒரு பெரியவர் வேட்டியை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், ஜவுளிப் பையோடு. தொட்டியில் வெந்நீர் தயாராக இருந்தது. நான் அவர்களைப் பார்த்துச் சொன்னேன். "ஐயா, நீங்க காலை வைக்காதீங்க. காலை வைக்காமலே மெஷினை ஓட்டச் சொல்லுங்க. அப்பவும் தண்ணி இதே மாதிரி பழுப்பாகும். அது உங்க உடம்புல இருந்து வரல, அந்தத் தகட்டுல இருந்து வருது."

மகள் அந்தப் பெண்மணியைப் பார்த்தாள். அந்த வெள்ளைக் கோட்டுக்காரி மறுப்பாள், கத்துவாள், என்னை வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். நாங்கள் எல்லோரும் அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்தோம். காலில்லாத வெந்நீர் மஞ்சளாகி, பழுப்பாகி, நுரைத்தது.

"காலு வைக்காட்டியும் வரும்தான் மேடம்" என்றாள் அமைதியாக. "ரூம் காத்துல இருக்கற டாக்ஸினையும் இது இழுக்கும். சிட்டியில எவ்ளோ பொல்யூஷன். அதான் இந்த மெஷினோட பவர்."

பெரியவர், "அப்படியா" என்று ஏசியை அண்ணாந்து பார்த்தார். மகள் தலையாட்டினாள். அப்பாவின் வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள். அந்தப் பெண்மணி அதே தண்ணீரைக் கொட்டி வேறு தண்ணீர் பிடித்துவரப் போனாள்.

"அவருக்கு சுகர் இருக்கா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இருக்கு. ஏன்?"

அண்ணனின் காலைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், டாக்டருக்குக் காட்ட. அதைத் திறந்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். அவள் பின்வாங்கினாள். "என்னங்க இது, சாப்பிட்டு வந்திருக்கோம்" என்றாள். எரிச்சலோடுதான் சொன்னாள். ஆனால் அப்பாவின் தோளில் கை வைத்து எழுப்பிவிட்டாள். அவர் ஈரமில்லாத காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமல், அவள் பின்னால் படியிறங்கிப் போனார். தொட்டியோடு திரும்பி வந்தவளிடம் சொல்லத் தோன்றியதெல்லாம் அசிங்கமாக இருந்தது. வாசலில் தங்கள் முறைக்காக இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களிடம் பேசவும் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினேன். பதில் ஒன்றும் இதுவரை வரவில்லை. அந்த இடம் இன்னும் நடக்கிறது.

அண்ணன் வீடு திரும்பியதும் கட்டு மாற்றுவது என் வேலையானது. அண்ணிக்கு அதைப் பார்த்தால் தலை சுற்றியது. ஆள் வைத்தால் அண்ணனுக்குக் கூச்சம். பள்ளி விட்டதும் நேராகப் போவேன். கையுறை போட்டுக்கொண்டு, பழைய துணியைப் பிரித்து, சலைனால் கழுவி, புதுசு கட்டுவேன். பழகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். பழகவில்லை. கடைசி நாள் வரை குமட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார். "உனக்குச் சின்ன வயசுலயே காலுன்னா ஆகாதே" என்று ஒருநாள் சொன்னார். பிறகு நான் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

புண் ஆறிவரும் சமயம் பங்குக் கோயிலிலிருந்து ஜெபக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது ஒரு அம்மாள், தன் கணவருக்கும் கால் மரத்துப்போகிறது, தி. நகரில் ஏதோ கால் வைத்தியமாமே, நீங்கள் போனீர்களாமே என்று அண்ணனிடம் விசாரித்தார். நான் சமையலறையில் இருந்தேன். அண்ணன் என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"போனேன்" என்றார். "ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தது. இருந்தாலும் சுகர் இருக்கறவங்க போகக் கூடாது. இல்லாதவங்க போகலாம்னு நினைக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி டபராவைச் சிங்கில் போட்டேன். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை நடந்த பிறகும் இப்படி ஒரு வாக்கியம் அந்த மனிதரின் வாயிலிருந்து வருகிறது. வெளியே வந்து, யாரும் போகக் கூடாது, அது வெறும் இரும்புத் துரு என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். உப்பு, அயனி, தகடு என்று ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "டீச்சர் பாடம் எடுக்கற மாதிரியே பேசறீங்க" என்று சிரித்தார். அவர் தி. நகருக்குப் போகத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அண்ணன் போன் செய்தார்.

"நேத்து ஜெபத்துக்கு வந்த அந்தம்மா காலையில திரும்பவும் வந்தாங்க. அட்ரஸ் கேட்டாங்க."

"குடுத்துட்டீங்களா?"

"இரு, சொல்றேன். நீ சொன்ன மாதிரி சொல்லலாம்னு பாத்தேன். உப்பு உடையும், சர்க்கரை உடையாது, அது வரைக்கும் வந்தது. அதுக்கு மேல கோர்வையா வரல. அவங்களும் விடல. சரின்னு கட்டைப் பிரிச்சுக் காட்டிட்டேன்."

"பிரிச்சீங்களா? யாரு திரும்பக் கட்டினது?"

"நானேதான். அந்தம்மா முகத்தைப் பாக்கணுமே பாப்பா. காபியை அப்படியே வெச்சுட்டு எழுந்து போய்ட்டாங்க."

கையுறை போட்டுக் கட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் வந்து கட்டை மாற்றும்வரை எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடிக்க வெளியே வந்தேன்.